எட்டிலிருந்து அறுபத்து நாலு

காஜா மொய்தீனுக்குக் கால் முறிந்த மழைக்காலத்தில்தான் ஜன்னத் சதுரங்கம் பழகினாள். அவர் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் குமாஸ்தா. ஒரு நாள் சரக்குச் சீட்டுக் கொடுக்கக் கப்பலேறியவர் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போய் இரண்டு மாதம் வீட்டோடு கிடக்க வேண்டியதாயிற்று. சூலியா தெருவை ஒட்டிய சந்தில், பாய் விற்கும் கடைக்கு மேல்மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். மழை பெய்தால் சன்னலைச் சாத்த வேண்டும். சாத்தினால் பேச்சுத் துணைக்கு மனைவியைத் தவிர யாரும் கிடையாது. பேச்சும் தீர்ந்த ஒரு நாளில், தான் மாலை நேரங்களில் போய் உட்காரும் படிப்பகத்திலிருந்து சதுரங்கப் பெட்டியை வரவழைத்து, அவளை எதிரே உட்கார வைத்தார்.

முதல் வாரம் அவர் ஜெயித்தார். மூன்றாவது வாரம் சரிக்குச் சரியாக வந்தது. கட்டுப் பிரிக்கிற நாளில், கடைசியாகத் தான் ஜெயித்தது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. அதில் அவருக்கு மனத்தாங்கல் ஒன்றும் இருக்கவில்லை. சிரித்துக்கொண்டே ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, உன் தலைக்குள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் ஜன்னத்து என்பார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். யாரும் அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சோறு வடிக்கும்போது அந்த வார்த்தை ஞாபகம் வரும்; தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

அடுத்த வருஷம் தைப்பிங்கிலிருந்து படிப்பகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் திருநாவுக்கரசு. அங்கே ஒரு சர்வே ஆபீஸில் படம் வரைகிறவர், சதுரங்கத்தில் பைத்தியம். தன் ஊரில் தனக்கு ஈடாக ஆடுகிறவர்கள் குறைந்துபோனார்கள், பினாங்கில் யாராவது தபால் மூலம் ஒரு ஆட்டம் ஆடுவார்களா என்று கேட்டிருந்தார். படிப்பகத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, காஜா மொய்தீன் நான் ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆடுகிற முறை எளிது. பலகையில் வெள்ளைக் காய் ஆடுகிறவரின் இடது கைப்பக்க மூலையிலிருந்து கட்டங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்துக்கொண்டு போனால் எதிர்மூலை அறுபத்து நாலில் முடியும். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று இரண்டு எண்களைத் தபால் கார்டில் எழுதி அனுப்ப வேண்டியதுதான். பதில் கார்டு வந்ததும் அடுத்த நகர்த்தல்.

வெள்ளைக் காய் காஜா மொய்தீனுக்கு விழுந்தது. தொடக்கத்திலேயே அவர் தன் வழக்கமான தப்பைச் செய்தார். குதிரைகளையும் மந்திரிகளையும் கிளப்புவதற்கு முன்னால் ராணியைத் தனியாக வெளியே அனுப்பி, மூலையில் சும்மா நின்ற ஒரு கறுப்புச் சிப்பாயை வெட்டப் பார்த்தார். சிப்பாயும் கிடைக்கவில்லை. ராணியை எதிரியின் காய்கள் ஒன்று மாற்றி ஒன்று துரத்த, மூன்று நகர்த்தல் ஓடி, அதற்கிடையில் தன் சிப்பாய் ஒன்றையும் பறிகொடுத்தார். எட்டாவது கார்டை அனுப்பிய அன்று வீட்டுக்கு வந்து பலகையை அவள் முன்னால் வைத்தார்.

"இதுக்கு மேல எனக்கு வழி தெரியலை லா. நீ பாரு."

ஒன்பதாவது நகர்த்தலிலிருந்து ஆட்டம் ஜன்னத்துடையது.

அவள் அதைப் பார்த்த விதமே வேறு. ராணியை வெட்கப்படாமல் வீட்டுக்கே திருப்பி அழைத்தாள். ராஜாவை இடப்பக்கமாக ஒதுக்கி வைத்தாள். வலது ஓரத்துச் சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக முன்னே தள்ளினாள். ஒரு மந்திரியை விட்டுக்கொடுத்து எதிரியின் மந்திரியை எடுத்தாள். அவள் மந்திரியை வெட்டிய எதிரிச் சிப்பாய் இடம் மாறியதில், கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கல் பெயர்ந்தது மாதிரி ஆயிற்று. வாரத்துக்கு ஒரு நகர்த்தல். மீன் கழுவும்போது, துணி பிழியும்போது, மத்தியானத்தில் சந்து ஓய்ந்து கிடக்கும்போது அந்த ஒரு நகர்த்தலை அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். முடிவானதும் இரண்டு எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் சட்டைப் பைக்குள் வைப்பாள். அரபு எழுத்தில் தமிழ் எழுதத்தான் அவளுக்குத் தெரியும். தமிழ் எழுத்து படிக்க வராது. எண்களை மட்டும் கடைக்காரர்கள் எழுதும் விதத்தில் பழகியிருந்தாள். காஜா மொய்தீன் அதை ஆபீஸில் மைப்பேனாவால் கார்டில் எழுதித் தபாலில் சேர்ப்பார்.

இருபத்து நாலாவது நகர்த்தலில் அவள் குதிரையை முப்பத்து ஒன்பதாம் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். எதிரியின் சிப்பாய் அதைச் சும்மா வெட்டிவிடலாம். காஜா மொய்தீனே துண்டுத் தாளை இரண்டு தடவை பார்த்தார்.

"குதிரை போயிடுமே."

"போவட்டும் மச்சான். அதை வெட்டுனா அந்தச் சிப்பாயி ஓரத்துப் பாதையை விட்டு நகந்துரும். நான் திருப்பி வெட்டுனா என் சிப்பாயும் நகந்துரும். பாதை பூராவும் என் யானைக்கு."

தைப்பிங்காரர் குதிரையை வெட்டினார். பாதை திறந்தது. அவருடைய அடுத்த கார்டில் எண்களுக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. காஜா மொய்தீன் அதைப் படித்துச் சொன்னார்: நீங்கள் தொடக்கத்தில் ஆடியதற்கும் இப்போது ஆடுவதற்கும் சம்பந்தமே இல்லை பாய், யாரோ வேறு ஆள் வந்து உட்கார்ந்தது போல இருக்கிறது. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

படிப்பகத்தில் அந்த ஆட்டத்தை ஒரு மேசையில் அப்படியே அடுக்கி வைத்திருந்தார்கள். காஜா மொய்தீன் உள்ளே நுழைந்தால் எழுந்து இடம் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. யார் பெயரில் ஆட்டம் நடந்தால் என்ன என்றுதான் ஜன்னத் நினைத்தாள். அவர் பெருமையாகத் திரும்பி வருகிற நாட்களில் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முப்பதாவது கார்டு வந்தபோது நிலைமை கத்தி முனையில் நின்றது. அவளுடைய சிப்பாய் ஒன்று நாற்பத்து ஏழாம் கட்டம் வரை போய்க் கறுப்பு ராஜாவின் கழுத்துக்கு அருகில் நின்றது. ஆனால் தைப்பிங்காரரின் ராணியும் அவள் ராஜாவின் வாசலுக்கு வந்துவிட்டது. இன்னொரு நகர்த்தல் கிடைத்தால் அவள் ராஜா செத்தது. ஆகவே இனி அவள் வைக்கிற ஒவ்வொரு காயும் எதிரி ராஜாவைத் தாக்கி ‘செக்’ என்று முற்றுகை சொல்ல வேண்டும், ஒரு தடவைகூட மூச்சு விட இடம் தரக்கூடாது.

நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. கையில் ஈரத்தோடு வந்து பலகைமுன் உட்கார்ந்துவிட்டாள். எட்டாம் கட்டத்து யானை பாதை நெடுக ஓடி அறுபத்து நாலில் விழ வேண்டும். ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும், வேறு போக்கில்லை. ஐந்தாம் கட்டத்து இரண்டாவது யானை எட்டுக்கு வந்து முற்றுகை சொல்லும். ராஜா பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த யானையும் அதே அறுபத்து நாலில் போய் விழும். ராஜா அதையும் வெட்டும். இப்போது முதல் வரிசையில் யானைகள் இல்லாமல் வழி சுத்தமாகக் கிடக்கும். ராணி நாலிலிருந்து எட்டுக்கு வரும், முற்றுகை. ராஜா திரும்பினால் ராணி ஐம்பத்து ஆறு. அங்கே ராணியைத் தொட முடியாது, சிப்பாய் காவல் நிற்கிறது. ஆட்டம் முடிந்தது. இரண்டு யானைகளை ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு ராணிக்கு நடைபாதை போடுவது.

அதைக் காஜா மொய்தீனுக்கு ஒவ்வொரு காயாக ஆடிக் காட்டினாள். கடைசியில் அவள் துண்டுத் தாளில் 8 – 64 என்று எழுதிக் கொடுத்தாள். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பாராட்டவில்லை என்பதை அவள் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சு ஜன்னத்து. ராணியை வச்சு மடக்கிட்டாரு."

அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். அறுபத்து நாலில் யானை விழுந்தால் கறுப்பு ராஜாவுக்கு முற்றுகை. முற்றுகையில் நிற்கிற ராஜா யானையை வெட்டித்தான் ஆக வேண்டும். ராணியை நகர்த்த அவருக்கு அனுமதியே கிடையாது. அப்படியிருக்க ராணி எப்படி நகர்ந்தது?

அவள் அதைக் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். அன்றைக்குத் துறைமுகத்தில் கப்பல்கள் நெருக்கி நின்றன, துண்டுத் தாள் எங்கேயோ விழுந்துவிட்டது, ஞாபகத்திலிருந்து எழுதினேன், எண் மாறிப்போயிருக்கும் என்றார். என்ன எண் எழுதினீர்கள் என்று கேட்டாள். அதுவும் ஞாபகமில்லை என்றார். தபால் கார்டு எங்கே என்றாள். ஆபீஸ் மேசையில் இருக்கும் என்றார்.

ஜன்னத் மேற்கொண்டு கேட்கவில்லை. ஐந்தாறு மாதம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்த ஒன்று அப்படியே கைநழுவிப் போனதில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. எட்டையும் அறுபத்து நாலையும் யாராவது மறப்பார்களா என்ற கேள்வி அடிக்கடி வந்தது. வந்தபோதெல்லாம், அவர் காலொடிந்து கிடந்தபோது தன்னை எதிரே உட்கார வைத்து ஒவ்வொரு காயாகப் பெயர் சொன்னதை நினைத்து அதை அடக்கிக்கொண்டாள். மனுஷன் மறப்பது சகஜம். வேண்டுமென்று ஒருவர் அப்படிச் செய்வதற்குக் காரணம் வேண்டுமே.

தைப்பூசத்துக்குத் திருநாவுக்கரசு பினாங்குக்கு வந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி செலுத்திவிட்டு, மறுநாள் காலையில் காஜா மொய்தீனைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். படிப்பகத்தில் விலாசம் கேட்டாராம். காஜா மொய்தீன் முகம் வெளுத்ததை ஜன்னத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். வெளி ஆண்கள் வந்தால் அவள் அதைத் தாண்ட மாட்டாள். கோப்பியையும் பலகாரத் தட்டையும் திரைக்குக் கீழே வைத்தாள், புருஷன் எடுத்துக்கொண்டு போனார்.

வந்தவர் மொட்டை அடித்த தலையில் சந்தனம் காயாமல் உட்கார்ந்திருந்தார். மென்மையான குரல். கார்டுகளையெல்லாம் நூல் போட்டுக் கட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆட்டத்தை முதலிலிருந்து அடுக்கிப் பார்ப்போமே பாய் என்றார். மறுக்க வழியில்லை, பெட்டி அலமாரியின் மேலேயே இருந்தது.

ஒவ்வொரு கார்டாக எடுத்து எண்ணைப் படித்துக் காயை வைத்துக்கொண்டு வந்தார். ராணியைச் சீக்கிரம் கிளப்பியது தப்பு என்றார். அந்த மூன்று நகர்த்தலில் ஆட்டம் தன் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்தாராம். பதினைந்தாவதில் தானும் ஒரு தப்புச் செய்ததாகவும், ராஜாவுக்கு அருகிலிருந்த சிப்பாயைத் தொட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னார். குதிரை விழுந்த இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார். காஜா மொய்தீன் ஏதோ தோன்றியது என்று முணுமுணுத்தார். திரைக்குப் பின்னால் ஜன்னத் பதிலை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு முப்பத்தோராவது கார்டு வந்தது.

"பதிமூணிலிருந்து இருபத்தெட்டு," என்று படித்தார் திருநாவுக்கரசு. "குதிரையால ஒரு சிப்பாயை வெட்டியிருக்கீங்க. இதுதான் எனக்கு விளங்கலை பாய். கீழே எழுதியும் இருக்கீங்க: 'பத்து நாள் நன்றாக யோசித்துத்தான் இதை அனுப்புகிறேன். நீங்கள் நேரில் வரும் முன்னால் ஆட்டம் முடிந்துவிட்டால் நல்லது.' நான் வரேன்னு எழுதினதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

காஜா மொய்தீன் கோப்பியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

ஜன்னத் அந்த எண்களைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பதிமூன்று, இருபத்தெட்டு. எட்டும் அறுபத்து நாலும் தடுமாறி இப்படி ஆகாது. யானை குதிரையாகாது. இது ஒருவர் உட்கார்ந்து, பேனாவில் மை தொட்டு, யோசித்து எழுதியது. அவள் கொடுத்த துண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதியிருப்பார்.

"உங்ககிட்ட வேற ஏதாவது இருந்துச்சான்னு நாங்க தைப்பிங்ல நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம்," என்றார் திருநாவுக்கரசு. "ஒண்ணும் கிடைக்கலை."

"எட்டிலிருந்து அறுபத்து நாலு."

சொன்னது தான்தான் என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. முன்னறையில் காய் நகரும் ஓசை கேட்டது. விருந்தாளி வைத்துவிட்டார்.

"ராஜா வெட்டுது," என்றார் மெதுவாக.

"அஞ்சிலிருந்து எட்டு. ராஜா திரும்பும். மறுபடியும் எட்டிலிருந்து அறுபத்து நாலு. அதையும் வெட்டட்டும். ராணி நாலிலிருந்து எட்டு. அப்புறம் ஐம்பத்தாறு."

காய்கள் ஒவ்வொன்றாக அவள் சொன்ன இடத்துக்குப் போயின. நாற்காலி பின்னால் நகர்ந்தது. திருநாவுக்கரசு எழுந்து நின்றிருக்க வேண்டும். குரல் திரையை நோக்கி வந்தது.

"அம்மா, இந்த ஆட்டத்தை ஆடினது நீங்கதானா?"

"ஒன்பதாவதிலிருந்து," என்றாள் ஜன்னத்.

காஜா மொய்தீன், வீட்டில் விளையாட்டாகப் பார்ப்பாள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். விருந்தாளி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆங்கிலப் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் சதுரங்கப் பகுதி வருகிறது, இந்த ஆட்டத்தை நான் அதற்கு எழுதி அனுப்பப் போகிறேன், எப்படி முடிந்திருக்க வேண்டும், அதைக் கண்டது யார் என்பதையும் எழுதுவேன் என்றார். இது சும்மா போகக் கூடாது அம்மா என்றார். அந்தக் குரலில் பொய் இருப்பதாக அவளுக்குப் படவில்லை. அவர் படியிறங்கிப் போன பிறகும் அவள் திரையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலையில் புருஷன் வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னத் கேட்டாள்.

"ஏன் மச்சான்?"

அவர் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார். தைப்பிங்காரர் வரும் சேதி முப்பதாவது கார்டிலேயே இருந்ததாம். அதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. படிப்பகத்தில் அதைப் பார்த்துவிட்டு, அவர் வரும் அன்று நாற்காலி வரிசை போட்டு, ஊரைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் நேருக்கு நேர் உட்கார வைக்க ஏற்பாடு செய்தார்களாம்.

"ஜெயிச்சவனைத்தான் மேடையில ஏத்துவாங்க. தோத்தவனை விட்டுருவாங்க. நான் அங்கே உக்காந்தா பத்து நகர்த்தல்ல எல்லாம் வெளுத்துப்போயிரும். வேற என்னா செய்யச் சொல்றே?"

"எங்கிட்டே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். விட்டிருக்க மாட்டாள் என்று சொல்ல முடியவில்லை. அவர் கேட்டிருந்தால், அவர் மானத்துக்காக, தன் கையாலேயே பதிமூன்று, இருபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பாள். அவர் கேட்கவேயில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு சனிக்கிழமை போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்திரிகை வந்ததா என்று அவளே கேட்டாள். ஐந்தாவது வாரம் அவர் அதை மடித்து எடுத்துவந்தார். முகம் தெளிவாக இருந்தது. பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

பினாங்கு காஜா மொய்தீனுக்கும் தைப்பிங் திருநாவுக்கரசுக்கும் நடந்த தபால் ஆட்டம். வெள்ளையின் தொடக்கம் பலவீனம். நடுவில் துணிச்சலான குதிரைத் தியாகம். முப்பத்தோராவதில் வெள்ளை பெரும் பிழை செய்து தோற்றது. பிறகு ஆட்டத்தை ஆராய்ந்தபோது, இரண்டு யானைகளையும் ஒரே கட்டத்தில் பலிகொடுத்து வெள்ளை ஜெயித்திருக்கக்கூடிய அருமையான வழி ஒன்று இருந்ததை வெற்றி பெற்ற திருநாவுக்கரசு கண்டுபிடித்துள்ளார். அவருடைய கூர்மை பாராட்டத்தக்கது.

"அப்புறம்?" என்றாள் ஜன்னத்.

"அவ்வளவுதான்."

"வேற பேரு ஒண்ணும் இல்லையா?"

"இல்லை. நல்லதாப் போச்சு. ஒரு பொம்பளை பேரைப் பத்திரிகையில போடுவாங்களா? எனக்கும் தலைகுனிவு இல்லாம முடிஞ்சுது. என் பேரும் வந்திருக்கு பாரு."

அவர் விரல் வைத்த இடத்தை அவள் பார்த்தாள். ஆங்கில எழுத்து; எறும்பு ஊர்ந்தது மாதிரி இருந்தது. கட்ட எண்களைக்கூட அவர்கள் வேறு ஏதோ விதத்தில் போட்டிருந்தார்கள். தன் ஆட்டத்தில் தனக்குப் படிக்கத் தெரிந்த ஒரு எழுத்துகூட இல்லை. புருஷன் பயந்துபோய்ச் செய்தார். பயம் அவளுக்கு விளங்கும். அந்தத் தைப்பிங்காரர் எதற்குப் பயந்தார்? எழுந்து நின்று அம்மா என்று கூப்பிட்டவர். அவர் கேட்டதற்காகத்தான் திரைக்கு வெளியே தன் குரலை விட்டாள்.

ஒரு வாரத்தில் திருநாவுக்கரசிடமிருந்து புதுக் கார்டு வந்தது. புது ஆட்டம் ஒன்று தொடங்கலாம், முதல் நகர்த்தலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கீழே, வீட்டிலும் கலந்துகொண்டு ஆடவும் என்று ஒரு வரி. காஜா மொய்தீன் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வையில் பழைய சிரிப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பலகையை எடுத்து வைத்தார்.

"என்னா பதில் எழுத?"

"இல்லைன்னு எழுதுங்க," என்றாள் ஜன்னத்.

அவர் சரி என்று பேனாவை எடுத்துச் சன்னலோரமாக உட்கார்ந்து எழுதினார். அவள் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே பேனாவைக் கவனித்தாள். இல்லை என்பது ஒரு வார்த்தை. பேனா ஒரு வரி போய், மடங்கி, இரண்டாவது வரி போய், மூன்றாவதில் நின்றது. கடைசியில் ஒரு எண், சின்னக் கோடு, இன்னொரு எண்.

அவர் மையை ஊதிக் காயவைத்துவிட்டுச் சட்டையை மாட்ட எழுந்தார். ஜன்னத் போய் அந்தக் கார்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தபாலுக்குக் குடு, நேரமாச்சு," என்றார்.

"பக்கத்து வீட்டு ரொஸ்னாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் மச்சான்," என்றாள் அவள். "அவ படிச்சுச் சொல்லட்டும். அதுக்கப்புறம் பார்ப்போம்."

அவர் கையை நீட்டியபடியே நின்றார். அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.